கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் மகளுக்கு

மகளே, அடுத்த வாரம் நீ பயிற்சிப் பள்ளிக்குப் போகிறாய். ஈராண்டு பி.எட். படிப்பில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. ஓராண்டுப் படிப்பில் வந்த எங்களுக்கு அவ்வளவு காலம் வாய்க்கவில்லை. அந்த வாரங்களில் உன்னைப் பலர் திருத்துவார்கள்; நீயும் பிள்ளைகளைத் திருத்துவாய். இரண்டும் ஒரே கல்விதான். கேட்டுத் திருந்தாத வாய் சொல்லித் திருத்தாது. அதை மனத்தில் வைத்தே இவற்றை எழுதுகிறேன்.

1. முதலில் கடைசி பெஞ்சில் உட்கார். உற்றுநோக்கல் பதிவேட்டை சீனியரின் பதிவேட்டைப் பார்த்து நிரப்பிவிடாதே. வகுப்பு நடக்கும்போது பிள்ளைகளைப் பார். கை தூக்கப் போய்த் தாழ்த்திக்கொள்கிறவர் யார், பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறவர் யார் என்று கவனி. கரும்பலகையின் கீழ்வரி பின்வரிசைக்குத் தெரிவதில்லை என்பதை நான் அந்த பெஞ்சில்தான் கற்றேன்.

2. மறுமுறை நடத்துவதற்குச் சலித்துக்கொள்ளாதே. நுண்ணிலைக் கற்பித்தலின் கணக்கை நினைத்துப் பார்: 6 நிமிடம் நடத்துகிறாய், 6 நிமிடம் குறை நிறை கேட்கிறாய், 12 நிமிடம் திட்டத்தை மாற்றுகிறாய், 6 நிமிடம் மறுபடி நடத்துகிறாய், 6 நிமிடம் மறுபடி கேட்கிறாய். ஆக 36 நிமிடத்தில் நீ பாடம் சொல்வது 12 நிமிடம்தான். மீதி 24 நிமிடமும் கேட்பதற்கும் யோசிப்பதற்கும். பேசியதைப்போல் இரு மடங்கு நேரம் கேட்டு யோசி என்பதே அந்த முறையின் சாரம். பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு அதை முடித்துவிடாதே.

3. உன் குறையைப் பிறர் சொல்லும்போது குறுக்கே பேசாதே. காரணம் சொல்லத் தோன்றும், பொறுத்துக்கொள். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள். என் வழிகாட்டி ஆசிரியை தினமும் பாடக்குறிப்பின் ஓரத்தில் ஒரே ஒரு வரிதான் எழுதுவார். ஒருநாள், 'ஜன்னல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை' என்று எழுதியிருந்தார். ஜன்னலோரத்துப் பிள்ளைகளின் சார்பில் அவர் எழுதிய வரி அது. குறையை இப்படிப் படிக்கத் தெரிந்துவிட்டால் மனம் புண்படாது. பத்துக் குறை சொன்னாலும் மறுநாளைக்கு ஒன்றைமட்டும் எடுத்துக்கொள்.

4. கருத்துக் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. 'வகுப்பு எப்படி இருந்தது, மேடம்?' என்றால், 'நல்லா இருந்தது' என்ற பதிலோடு திரும்புவாய். 'எந்த இடத்தில் பிள்ளைகளின் கவனம் கலைந்தது?' என்று கேள். பிள்ளைகளிடமும் கேள். மணி அடிக்கும் முன் ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்து, புரியாத ஒன்றைப் பெயர் போடாமல் எழுதச் சொல். உன்னை மிகச் சரியாக மதிப்பிடும் தாள்கள் அவைதாம்.

5. கேள்வி கேட்டபின் காத்திரு. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அந்த மூன்று நொடி உனக்கு நெடுநேரமாகத் தோன்றும். பயந்து நீயே பதிலைச் சொல்லிவிடாதே. பொறுமையும் பாடத்தின் ஒரு பகுதி.

6. தவறான விடைக்கு மரியாதை கொடு. 0.35, 0.5ஐவிடப் பெரியது என்று ஒரு பையன் சொல்வான். 35, 5ஐவிடப் பெரியது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை வைத்துத் தெரியாததை அளக்கிறான். 'தப்பு, உட்கார்' என்றால் அந்த யோசனை அங்கேயே நின்றுபோகும். 'எப்படி இந்த விடைக்கு வந்தாய்?' என்று கேள். வகுப்பு சிரித்தால் அதை நிறுத்துவது உன் கடமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கீழே வைத்தவர் நாக்கையும் அடக்க வேண்டும்.

7. நோட்டுத் திருத்தும்போது ஒரு வரி எழுது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் அடுத்த வேலையை மேலும் நன்றாகச் செய்தார்கள். கூடவே மதிப்பெண்ணும் போட்டபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. 'நன்று' என்று எழுதினால் எது நன்று என்று பிள்ளைக்குத் தெரியாது. 'காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். ஓர் எடுத்துக்காட்டும் சேர்' என்று எழுது. உன் வழிகாட்டியிடம் நீ எதிர்பார்க்கும் வரியை உன் மாணவருக்குக் கொடு.

8. தினம் ஒரு பிள்ளையின் பேச்சைக் காது கொடுத்துக் கேள். 'டோட்டோ-சான்' நூலைப் படித்துவிட்டுப் போ. ஒரு பள்ளி வேண்டாமென்று அனுப்பிவிட்ட சிறுமி பேசப் பேச, தலைமையாசிரியர் கோபயாஷி முதல் சந்திப்பிலேயே நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். உனக்கு அவ்வளவு நேரம் இருக்காது. இடைவேளையில் ஐந்து நிமிடம் இருக்கும். தன் பேச்சுக்கு மதிப்புண்டு என்று அறிந்த பிள்ளைதான், 'எனக்குப் புரியல, டீச்சர்' என்று துணிந்து சொல்லும்.

9. வேலை கிடைத்த பிறகும் திருத்தம் கேள். பயிற்சி முடிந்ததும் பின்பெஞ்சில் உட்கார்ந்து உன்னைக் கவனிக்க ஆள் இருக்காது. பல ஆசிரியர்களின் வளர்ச்சி அங்கேதான் நின்றுவிடுகிறது. நீ நம்பும் சக ஆசிரியர் ஒருவரை மாதம் ஒருமுறையாவது உன் வகுப்புக்கு அழை. அவர் சொல்லும் குறையைப் பிள்ளைகள் முன்னாலேயே ஏற்றுக்கொள். டீச்சரே கற்றுக்கொள்கிறார் என்று தெரிந்தால் அவர்களுக்குத் தவறு செய்யப் பயம் இருக்காது. பயமில்லாத வகுப்பைத்தான் நீ அவர்களுக்குத் தரவேண்டும், மகளே.