மலை மேலே குளிர் ஏன்? உயரம் தெரிந்து பயிர் வைப்போம்



சில வருடங்களுக்கு முன் நமது கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். காவிரிக் கரையில் உள்ள கிராமம். நல்ல வண்டல் மண், வாய்க்கால் தண்ணீர், கடும் உழைப்பாளிகள். வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து, "எல்லாரும் வாழையே போடுறீங்க. உருளைக்கிழங்கு போடுங்க, மூணே மாசத்துல காசு" என்று சொல்லி விதைக்கிழங்கு கொடுத்தார். 5 உறுப்பினர்கள் சேர்ந்து குழுவில் 40,000 ரூபாய் கடன் வாங்கி மாசி மாதத்தில் நட்டார்கள். செடி தளதளவென்று வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கண் வைத்தார்கள். சித்திரைக் கடைசியில் தோண்டிப் பார்த்தால், கிழங்கு கோலிக்குண்டு அளவுக்குத்தான் இருந்தது. பல செடிகளில் அதுவும் இல்லை.

"உரம் பத்தலையோ? மண்ணு சரியில்லையோ?" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உரத்திலும் குறை இல்லை, மண்ணிலும் குறை இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. ஊட்டியில் விளைவதை, ஊட்டியின் உயரம் இல்லாத ஊரில், வெயில் ஏறும் மாதத்தில் நட்டதுதான் தப்பு. அந்தக் கடனை அடைக்க அந்த 5 பேருக்கும் இரண்டு வருடம் ஆனது. மற்ற குழுக்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சூரியனுக்குப் பக்கத்தில் போனால் சூடுதானே?

ஒரு கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு அக்கா கேட்டார்: "மலை மேல ஏறுனா சூரியனுக்குக் கிட்டத்தான போறோம்? அங்க சூடு ஜாஸ்தியாத்தான இருக்கணும்? குளிருதே, எப்படி?"

நல்ல கேள்வி. சூரியன் நம்மை விட்டு சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் மேலே ஏறுவதால் அந்தத் தூரம் குறைந்ததாகவே கணக்கில்லை. வெயில் காற்றை நேராகச் சூடாக்குவது குறைவு. அது முதலில் தரையைச் சூடாக்குகிறது. தரைதான் தன்னைத் தொட்டிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அடுப்பில் வைத்த தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கை கொண்டு போனால் சுடும், கையை உயர்த்தினால் சூடு குறையும் அல்லவா, அது போலத்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. சூடான காற்று மேலே எழும்பும். மேலே போகப் போக அதன் மேல் அழுத்துகிற காற்றின் பாரம் குறையும். பாரம் குறைந்தால் காற்று விரியும். விரிந்தால் குளிரும். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சைக்கிள் பம்பின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பக்கம் சூடாகும். காற்று அமுங்கினால் சூடு. அதே சைக்கிள் டியூபில் வால்வைத் திறந்து காற்றை விட்டால் விரலில் ஜில்லென்று படும். காற்று விரிந்தால் குளிர். மலை மேல் நடப்பது இந்த இரண்டாவது வேலைதான்.

கணக்கு என்ன?

சராசரியாக 1,000 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். 1,000 மீட்டர் என்பது ஏறக்குறைய 3,300 அடி. ஊரின் உயரத்தைக் கடல் மட்டத்தில் இருந்துதான் அளப்பார்கள்.

திருச்சியும் ஸ்ரீரங்கமும் கடல் மட்டத்தில் இருந்து 100 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கின்றன. சித்திரை மாதத்தில் இங்கே 38 டிகிரி வெயில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் மற்ற இடங்களில் கணக்குப்படி எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள்:

- பச்சைமலையில் 800 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு ஊர்: சுமார் 33 டிகிரி
- கொல்லிமலையில் 1,200 மீட்டர் உயரத்தில்: சுமார் 31 டிகிரி
- கொடைக்கானல், சுமார் 2,100 மீட்டர்: 25 டிகிரி
- உதகமண்டலம் என்கிற ஊட்டி, சுமார் 2,240 மீட்டர்: 24 டிகிரி

மேகம், காற்று, காடு இவற்றைப் பொறுத்து ஒன்றிரண்டு டிகிரி கூடும், குறையும்.

"அப்படின்னா நம்ம மலைக்கோட்டை உச்சியில குளுகுளுன்னு இருக்கே?" என்று கேட்பீர்கள். அந்தப் பாறையின் உயரம் 83 மீட்டர்தான். கணக்குப் போட்டால் அரை டிகிரிதான் குறையும். அங்கே நமக்குச் சுகமாக இருப்பதற்குக் காரணம் தடையில்லாமல் வீசும் காற்று. படி ஏறி வந்த வேர்வை அதில் காய்கிறது. காற்று சுகமாக வீசுகிறது என்பதற்காக அதை மலைக் குளிர் என்று நினைத்துவிடக் கூடாது.

உருளைக்கிழங்கு ஏன் ஏமாற்றியது?

செடி வளர்வது வேறு, கிழங்கு பிடிப்பது வேறு. உருளைக்கிழங்கு மண்ணுக்குள் கிழங்கு வைக்க வேண்டுமானால் இரவு நேரம் குளிர வேண்டும். 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நன்றாகக் கிழங்கு பிடிக்கும். திருச்சியில் பங்குனி, சித்திரை இரவுகளில் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். அந்தச் சூட்டில் செடி தன் சத்தை எல்லாம் தண்டுக்கும் இலைக்குமே செலவழித்துவிடும். நம் சகோதரிகள் பார்த்து மகிழ்ந்த அந்தத் தளதளப்பே, கிழங்கு பிடிக்கவில்லை என்பதற்கு அடையாளம்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு எல்லாம் இப்படிக் குளிர் கேட்கிற பயிர்கள்தான். காந்தி மார்க்கெட்டில் இந்தக் காய்களை 'மலைக்காய்' அல்லது 'இங்கிலீஷ் காய்' என்று பிரித்துச் சொல்வதற்கு அர்த்தம் இருக்கிறது. இவற்றில் சில ரகங்களைச் சமவெளியிலும் மழை முடிந்து பனி இறங்கும் மாதங்களில் வைக்கிறார்கள். உயரம் கொடுக்காத குளிரை, மாதம் கொஞ்சம் கொடுக்கும். ஆனால் அதற்கான ரகமும் நாளும் கேட்டுத் தெரிந்து வைக்க வேண்டும்.

மலைக்காரர்களுக்கும் இதே நிலைதான். நம் ஊர்த் தென்னையையும் மாமரத்தையும் ஊட்டியில் வைத்தால் பலன் தராது. அங்கே மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு பலம் உண்டு, ஒரு பயமும் உண்டு.

ஒரே வாழை, இரண்டு ருசி

வாழை நமக்குத் தெரிந்த பயிர். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவல்லி என்று காவிரிக் கரையில் விளைகிற வாழைக்கு வெப்பமும் தண்ணீரும் வேண்டும். வாழைக்கென்றே 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் நம் திருச்சியில்தான் இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் சிறுமலையிலும் பழனி மலையின் கீழ்ப்பகுதியிலும் மலைவாழை இருக்கிறது. சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே மரநிழலில், காபிச் செடிகளுக்கு நடுவில், மழையை நம்பியே வளர்க்கிறார்கள். குளிர் இருப்பதால் மெதுவாக வளரும். பழம் சிறியது, ஈரம் குறைவு, மணம் அதிகம், பல நாள் கெடாது. அதனால்தான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்தக் கன்றைக் கீழே கொண்டுவந்து நட்டால் அந்த மணமும் ருசியும் வருவதில்லை என்று விவசாயிகள் சொல்கிறார்கள்.

கொல்லிமலைப் பெண்கள் சொல்லும் பாடம்

துறையூர்ப் பக்கம் உள்ளவர்களுக்குப் பச்சைமலையும் கொல்லிமலையும் கண்ணுக்கு எட்டும் தூரம். பச்சைமலையின் ஒரு பகுதி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொல்லிமலை நாமக்கல் மாவட்டம் என்றாலும் அதன் அடிவாரமான புளியஞ்சோலை நம்முடையது. இரண்டு மலையிலும் மலையாளி பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கொல்லிமலை மேலே மிளகு, காபி, பலா, அன்னாசி எல்லாம் உண்டு. சரிவு நிலங்களில் சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவைதான் பழைய சாப்பாடு. மழையை மட்டும் நம்பி, உரம் கேட்காமல், சில மாதங்களிலேயே அறுவடைக்கு வரும் தானியங்கள் இவை.

பிறகு மரவள்ளி பரவியது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொண்டன. கையில் காசு வந்தது. ஆனால் சரிவு நிலத்தில் மரவள்ளியைத் தோண்டி எடுக்கும்போது மண் இளகி மழையில் அரிக்கும். ஆலை விலை இறங்கினால் வருமானமும் இறங்கும். வீட்டுச் சாப்பாட்டுத் தானியத்தையும் கடையில் வாங்க வேண்டும்.

சாமையை விட்டதற்குப் பெண்கள் பக்கம் இன்னொரு காரணமும் இருந்தது. சாமையின் உமியை நீக்க உரலில் மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். கை காய்த்துப்போகும். "சாமை போட்டா யாரு குத்துறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 1990-களில் இருந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தது. பழைய விதைகளைச் சேர்த்து விதை வங்கி வைத்தார்கள். உமி நீக்கும் இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து, குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். சாமை அரிசி, மாவு என்று பொட்டலம் போட்டு விற்கவும் குழுப் பெண்கள் பழகினார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பல வருடம் முன்பே இந்தப் பெண்கள் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

இதில் நமக்குப் பாடம் என்ன? ஊருக்கு ஏற்ற பயிர் ஏற்கெனவே ஊரில் இருக்கும். அதைப் பாரம் என்று விட்டுவிடுவதற்கு முன், பாரத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று குழு யோசிக்க வேண்டும்.

மலையில் பெய்த மழை, அம்மா மண்டபத்தில்

உயரம் மழையையும் மாற்றும். ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறும். மேலே ஏறினால் குளிரும். குளிர்ந்தால் ஈரம் துளியாகி மழையாகக் கொட்டும். காற்று மோதுகிற பக்கம் மழை. மறுபக்கம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. அதை மழை மறைவுப் பகுதி என்பார்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கம் கொட்டுகிறது. நமக்கு வருவது பெரும்பாலும் காற்றுதான். நம் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில் வருகிறது.

ஆனாலும் ஆடி 18-ல் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் புதுத்தண்ணீரைக் கும்பிட்டுத் தாலிக்கயிறு மாற்றுகிறோம். நம் ஊரில் மழை இல்லாத மாதத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காவிரி பிறக்கும் குடகு மலையில் தலைக்காவேரி 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அந்த மலைகள் பிடித்துக் கொடுத்த மழைதான் மேட்டூர் அணையில் தேங்கி, முக்கொம்பு வழியாக நம் வாய்க்காலுக்கு வருகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கத்து வாழையும் நெல்லும் மலையின் தயவில்தான் விளைகின்றன. மலையில் காடு அழிந்தால் அது மலைக்காரர் பிரச்சினை மட்டும் அல்ல, நம் பிரச்சினையும்தான்.

இப்போது பூமி முழுவதும் வெப்பம் கூடிவருகிறது. இரவுச் சூடும் கூடுவதால், குளிர் கேட்கிற பயிர்களைச் சமவெளியில் வைப்பது இன்னும் கடினமாகும். ஆகவே முன்னைவிடக் கவனம் தேவை.

பயிர்க் கடனுக்கு முன் 5 கேள்விகள்

1. இந்தப் பயிர் இப்போது எந்த ஊரில் விளைகிறது? அந்த ஊரின் உயரம் என்ன, நம் ஊரின் உயரம் என்ன? பல ரயில் நிலையங்களில் மஞ்சள் நிறப் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்தில் இருந்து அந்த இடத்தின் உயரம் எழுதியிருக்கும்.
2. எந்த மாதத்தில் பூக்கும், காய்க்கும்? அப்போது நம் ஊரில் பகல் எப்படி, இரவு எப்படி?
3. தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வேண்டும்? வாய்க்கால் மூடும் மாதத்தில் என்ன செய்வோம்?
4. நம் பக்கத்தில் யாராவது ஒரு பருவம் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? இல்லை என்றால் முதலில் கால் சென்ட் நிலத்தில் வைத்துப் பார்க்கலாமா?
5. விதை விற்பவரைத் தவிர வேறு யாரைக் கேட்டோம்? சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையம், நாவலூர் குட்டப்பட்டில் உள்ள மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி, வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம் இவற்றில் ஒன்றிலாவது கேட்டோமா?

ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு கடன் விண்ணப்பத்தை எடுங்கள். பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த உருளைக்கிழங்குக் குழு பிறகு என்ன செய்தது தெரியுமா? தங்களுக்குக் கைவந்த வாழைக்கே திரும்பினார்கள். இப்போது வாழையோடு நிற்காமல், அதிலிருந்து சிப்ஸும் வாழைப்பூ வடகமும் போட்டு விற்கிறார்கள். "எங்க ஊரு உயரம் எங்களுக்குத் தெரியாம போச்சு. இப்ப கேட்காம ஒரு நாத்தைக்கூட நடமாட்டோம்" என்கிறார் அந்தக் குழுத் தலைவி.

அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்:

- நம் ஊரில் பாட்டி காலத்தில் விளைந்து இப்போது விளையாத பயிர் எது? ஏன் விட்டோம்?
- நம் குழுவில் பயிருக்காக வாங்கிய கடனில் எது பலன் தந்தது, எது தரவில்லை? காரணம் மண்ணா, தண்ணீரா, மாதமா, உயரமா?
- மலையில் இருந்து வரும் எந்தப் பொருளை நாம் தினமும் வாங்குகிறோம்? நம்மிடம் இருந்து மலைக்குப் போவது எது?

பேசியதை எழுதி உங்கள் குழுப் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். அடுத்த இதழில் எல்லாரும் படிப்போம்.