மந்தமான நாள்களில் உணவக வணிகம்

டெல்லியில் அசைவ உணவகம் நடத்துவோருக்கு ஆண்டில் இரு முறை, ஒவ்வொரு முறையும் ஒன்பது நாள்கள், சோதனைக் காலம் வருகிறது. வசந்த காலத்திலும் புரட்டாசியை ஒட்டியும் வரும் நவராத்திரிகளில் வாடிக்கையாளர் பலர் இறைச்சியுடன் வெங்காயம், பூண்டையும் விலக்குகின்றனர். விரதம் இருப்போர் அரிசியையும் கோதுமையையும்கூடத் தொடுவதில்லை. கல்லாவில் வரவு குறைகிறது. கடை வாடகையும் சமையல் மாஸ்டரின் சம்பளமும் கடன் தவணையும் குறைவதில்லை.

இந்நிலையில் பலர் முதலில் செய்வது, ‘அனைத்திற்கும் 20 சதவீதம் தள்ளுபடி’ என்று பலகை வைப்பதே. இதன் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 100 ரூபாய்க்கு விற்கும் ஒரு பண்டத்தின் மூலப்பொருள் செலவு 35 ரூபாய் என்று கொள்வோம். மீதமுள்ள 65 ரூபாயிலிருந்துதான் வாடகை, சம்பளம், தவணை, இலாபம் யாவும் வர வேண்டும். விலை 80 ரூபாயானாலும் மூலப்பொருள் செலவு மாறாது. மீதம் 45 ரூபாயாகிவிடும். முன்பு 100 தட்டுகளில் கிடைத்த 6,500 ரூபாயை ஈட்ட இப்போது 145 தட்டுகள் விற்றாக வேண்டும். ஊரே விரதம் இருக்கும் வாரத்தில் இது நடவாத காரியம். தள்ளுபடி இல்லாமலே வந்திருக்கக்கூடியவரும் குறைந்த விலையையே கொடுத்துச் செல்வார். வீட்டிற்கு உணவு கொண்டு சேர்க்கும் செயலிகளின் தரகும் அந்த 45 ரூபாயிலிருந்தே போகும்.

ஆகவே, மேசைகள் எந்நாளில், எந்நேரத்தில் காலியாக இருக்கின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். கியூ.ஆர். அட்டை வழியே வரும் யு.பி.ஐ. தொகைகள் வணிகர் செயலியில் நாளுடனும் நேரத்துடனும் பதிவாகின்றன. இரண்டு ஆண்டுப் பதிவுகளை எடுத்து ஒப்பிடலாம். ஆனால் அக்டோபரை அக்டோபருடன் ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும். 2024இல் அக்டோபர் 3ஆம் நாள் தொடங்கிய நவராத்திரி, 2025இல் செப்டம்பர் 22ஆம் நாளே தொடங்கிவிட்டது. நவராத்திரியை நவராத்திரியுடனேயே ஒப்பிட வேண்டும். (மும்பையிலும் கிளை வைத்திருப்போர் மற்றொன்றையும் நினைவில் கொள்க: விரத மாதமாகிய சிராவணம் டெல்லியில் தொடங்கி ஏறத்தாழப் பதினைந்து நாள் கழித்தே மகாராஷ்டிரத்தில் தொடங்குகிறது.)

டெல்லி உணவகங்கள் பல கண்ட வழி, விலையைக் குறைப்பதன்று, உணவை மாற்றுவது. ‘விரதத் தாலி’ என்னும் பெயரில் குட்டு மாவுப் பூரி, ஜவ்வரிசிக் கிச்சடி, குதிரைவாலிச் சோறு, இந்துப்பு இட்ட உருளைக்கிழங்குக் கறி ஆகியவற்றை ஒரே தட்டில் தருகின்றன. விரதம் இருக்கும் அலுவலகப் பணியாளருக்கு மதியத்தில் வெளியே உண்ண வேறு வழி குறைவு. அவர் தள்ளுபடியை எதிர்பார்த்து வருபவரல்லர்.

இதில் நம்பிக்கையே முதலீடு. தனிப் பாத்திரங்களும் தனி எண்ணெயும் இன்றி இதில் இறங்காமலிருப்பதே நன்று. அவை இருக்குமாயின் வாயிற்பலகையிலும், இசைவு தந்த வாடிக்கையாளருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியிலும், தாலியின் விலைக்கு முன்பாக அதனையே தெரிவிக்க வேண்டும். குட்டு மாவு விரைவில் கெடக்கூடியது. கெட்ட மாவினால் பலர் நோயுற்ற செய்திகள் வட மாநிலங்களில் நவராத்திரிக் காலத்தில் பலமுறை வெளிவந்துள்ளன. எனவே சிறிது சிறிதாகப் புதிய மாவை வாங்குவதும், சென்ற பருவத்தின் மீதியை எறிந்துவிடுவதும் கட்டாயம்.

தள்ளுபடி தந்தே ஆகவேண்டுமெனில், மாலை 3 முதல் 6 மணி வரை போன்ற காலி நேரத்திற்கு மட்டும் தருக. அதனை இரசீதிலேயே காட்டினால், குறைந்த விலைக்கே ஜி.எஸ்.டி. கணக்கிடப்படும்.

ரொக்கக் கடன் வரம்பில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. மாவு, பாத்திரம் போன்று சில நாள்களில் விற்பனையாகத் திரும்பும் செலவிற்கு அது ஏற்றது. ஒவ்வொரு மந்த மாதமும் சம்பளத்திற்கே அதை எடுக்க நேர்ந்தால், நல்ல மாதங்களில் தொடர் வைப்புக் கணக்கில் ஒரு பகுதியைச் சேர்த்துவரத் தொடங்குவது நலம். செலவைக் குறைக்கவென்று தந்தூரி மாஸ்டரை ஊருக்கு அனுப்பிவிட்டால், தீபாவளிக் கூட்டம் வரும்போது அவர் வேறொருவரின் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கக்கூடும். அவருக்குச் சம்பளத்துடன் நான்கு நாள் விடுப்புத் தந்து, அந்த நாள்களில் தந்தூர் அடுப்பைச் செப்பனிட்டுக்கொள்ளலாம்.