அடக்க விலை எது?

சென்ற ஆண்டு வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் நாள்களில், என்னிடம் பிளஸ் 2 வணிகவியல் படித்த மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். "பங்கு விற்றதுக்கு ரூ.7,000 வரி காட்டுது சார். இந்தப் பங்குக்குச் சம்பளத்திலேயே வரி பிடிச்சிட்டாங்களே!" என்றாள்.

அவளுடைய நிறுவனம் பணியாளர் பங்குத் திட்டத்தில் 100 பங்குகளை, ஒன்று ரூ.100 வீதம் அவளுக்குக் கொடுத்திருந்தது. அன்றைய சந்தை மதிப்பு ரூ.400. பத்து மாதம் கழித்து, பங்குச் சந்தையில் ரூ.450 வீதம் விற்றுவிட்டாள்.

வரி மென்பொருளில் 'அடக்க விலை' என்ற கட்டத்தில், தான் கொடுத்த ரூ.10,000-ஐ நிரப்பியிருந்தாள். விற்ற விலை ரூ.45,000, ஆதாயம் ரூ.35,000. ஓராண்டுக்குள் விற்றதால் குறுகியகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் அதற்கு வரி 20 விழுக்காடு, ஆகவே ரூ.7,000. மென்பொருளின் கணக்கில் பிழை இல்லை. நாம் கொடுத்த எண்ணில்தான் பிழை.

படிவம் 16-ஐயும் அதனுடன் தரப்படும் 12பிஏ படிவத்தையும் எடுக்கச் சொன்னேன். சந்தை மதிப்புக்கும் அவள் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடான ரூ.30,000, சம்பளத்துடன் சேர்ந்த சலுகையாக அதில் இருந்தது. அதற்கு வரியும் பிடித்தாயிற்று. இவ்வாறு வரி விதிக்கக் கணக்கில் எடுத்த சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம்.

கையிலிருந்து கொடுத்தது: ரூ.10,000
சம்பளமாக வரி விதிக்கப்பட்டது: ரூ.30,000
அடக்க விலை: ரூ.40,000
ஆதாயம்: ரூ.5,000
வரி: ரூ.1,000 (செஸ் தனி)

ஒரு கட்டத்தைத் திருத்தியதும் ரூ.6,000 மிச்சமானது.

மறுநாள் இதே கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்பில் கொடுத்தேன். எல்லாரும் ரூ.35,000 என்றே எழுதினார்கள். 'வாங்கக் கொடுத்த பணமே அடக்க விலை' என்று அவர்கள் மனத்தில் பதிய வைத்தவர்கள் நாம்தானே! "இதில் ஏற்கெனவே வரி கட்டிய பணம் எவ்வளவு?" என்று கேட்டேன். சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து "முப்பதாயிரம் சார்" என்று குரல் வந்தது. மீதியை அவர்களே முடித்தார்கள்.

எட்டாம் வகுப்பிலேயே இதற்கு வித்திடலாம். பழைய சைக்கிளை ரூ.2,000-க்கு வாங்கி, ரூ.500 செலவில் பழுதுபார்த்தால் அடக்க விலை ரூ.2,500 என்று கற்பிக்கிறோம். அங்கேயே நிறுத்தி, "அடக்கத்தில் வேறு என்னவெல்லாம் சேரும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

வகுப்புக்கு ஒரு கணக்கு: நிறுவனம் 50 பங்குகளை இலவசமாகவே கொடுக்கிறது. கைக்கு வந்த நாளில் ஒன்றின் மதிப்பு ரூ.200; அத்தொகை முழுவதும் சம்பளத்தில் சேர்க்கப்பட்டது. பிறகு ரூ.190 வீதம் விற்கிறார். ஆதாயமா, நட்டமா? 'அடக்க விலை பூச்சியம்' என்று எழுதும் மாணவர் ரூ.9,500 ஆதாயம் காட்டுவார். உண்மையில் அவருக்கு ரூ.500 நட்டம்.