மிச்சமிருக்கும் லிண்டேன் லோஷனைத் தடவலாமா?

கேள்வி: என் நாலு வயது மகளுக்கு விரலிடுக்கில் சிரங்கு, தலையில் பேன். வீட்டில் பழைய லிண்டேன் லோஷன் இருக்கிறது. தடவலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா. லிண்டேன் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது. குழந்தைகளுக்கு வலிப்பே வந்திருக்கிறது. 2003-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது.

சிரங்குக்கு 5% பெர்மெத்ரின் கிரீம் பாதுகாப்பானது. இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசுங்கள். விரலிடுக்கு, தொப்புள், நகத்தடி எதையும் விடாதீர்கள். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள அனைவரும் அதே இரவில் பூசிக்கொள்ள வேண்டும்; பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சிரங்கை உண்டாக்கும் பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் நீடிக்கும். பயந்துபோய்த் தினமும் பூசாதீர்கள், தோல்தான் எரியும்.

பேனுக்கு 1% பெர்மெத்ரின்: அலசித் துவட்டிய முடியில் 10 நிமிடம் வைத்து அலசி, பேன் சீப்பால் வாருங்கள். ஈர் பொரிந்து வரும் என்பதால் 9-ஆம் நாள் மறுபடி. மண்ணெண்ணெய் பக்கமே போகாதீர்கள்.

சிரங்கில் சீழ் கோத்திருந்தால், எதையும் பூசுமுன் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.