அன்ஸ்டேபிள் என்றால் பலவீனம் இல்லை

என் கரிசல் மனையின் மண் பரிசோதனை அறிக்கையில் இருந்த 'அன்ஸ்டேபிள்' என்ற சொல்லை 'பலமில்லாத மண்' என்று படித்ததுதான், வீடு கட்டியதில் எனக்கு அதிகச் செலவு வைத்த தவறு. பலமில்லை என்று நினைப்பவர் சிமென்டைக் கூட்டுவார், சுவரைத் தடிமனாக்குவார். ஆனால் கோவில்பட்டிப் பக்கம் சித்திரை வெயிலில் கரிசலைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தவர் அதைப் பலவீனம் என்பாரா? கைதான் அதிரும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அதே மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது அடுக்கடுக்கானது. இடுக்குகளில் நீர் புகுந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சுவரோரத்து மண் நனைந்து எழும்பும்போது வீட்டின் நடுவில் உள்ள மண் அசையாமல் கிடக்கும். ஒரே சுவரின் இரண்டு முனைகள் இரண்டு மட்டத்துக்குப் போனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடத்தான் செய்யும். தடித்த சுவருக்கும் அதே கதிதான்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'நிற்றல்'. குதிரை லாயத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். எனவே அன்ஸ்டேபிள் என்பது நின்ற நிலையில் நிற்காதது. வலிமையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வெள்ளை பாஸ்பரஸை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் அதை வேதியியல் அன்ஸ்டேபிள் என்கிறது. அதை யாராவது பலவீனமான பொருள் என்பார்களா? தமிழில் நாம் 'நிலையற்ற' என்று எழுதுகிறோம். அந்தச் சொல்லோடு குறளின் 34ஆம் அதிகாரமான நிலையாமையும் கூடவே வந்துவிடுகிறது. நிலையாமை என்றால் நமக்கு அழிவு. கரிசல் எங்கே அழிகிறது? நீரைப் பிடித்துவைக்கும் அதே குணத்தால்தானே மானாவாரியில் பருத்தியும் கம்பும் விளைகின்றன! 'நிலைகொள்ளாத மண்' என்று எழுதியிருந்தால் போதும், எந்த வீட்டுக்காரருக்கும் புரிந்திருக்கும். அறிக்கையில் கையெழுத்துப் போட்டுக் கட்டணம் வாங்கியவருக்கு அந்த ஒரு வரி பாரமா?

பொறியாளர் இருக்கும்போது சொல்லாராய்ச்சி எதற்கு என்பார்கள். ஆனால் பணம் எதில் போகவேண்டும் என்று முடிவெடுப்பவர் வீட்டுக்காரர். அவருக்குப் புரிவது அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. அசையும் மண் என்று புரிந்தால், அசையாத ஆழத்துக்குப் போகவேண்டும் என்ற யோசனை தானாக வரும். அந்த ஆழத்துக்கு இறங்கி, அடியில் குமிழ்போல அகலும் கான்கிரீட் தூணான அண்டர் ரீம்டு பைல், ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. ஆழமான கரிசலில் பைல் குறைந்தது 3.5 மீட்டர் இறங்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இடைவெளியும் விடவேண்டும். மண் உப்பினால் அந்த வெற்றிடத்துக்குள் உப்பிக்கொள்ளட்டும். வானம் தோண்டி ஆற்று மணல் நிரப்பினால் போதும் என்பவரை நம்பாதீர்கள். மணல் நீரை உள்ளே விட்டுத் தேக்கிவைக்கும்.

பழைய வீடுகள் பைல் இல்லாமல் நிற்கின்றனவே என்ற கேள்வி நியாயமானதுதான். மண்சுவர் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், விரிசலை அடுத்த பொங்கலுக்குப் பூசிவிடலாம். செங்கலும் சிமென்டும் அப்படி வளையாது. விழுந்துபோன வீடுகளை யாரும் எண்ணிக் காட்டுவதுமில்லை. பைலுக்குச் செலவு கூடும் என்பதும் உண்மை. உங்கள் மனையும் கரிசலாக இருந்தால், இரண்டாவது மாடிக்கு ஒதுக்கும் பணத்தை மண்ணுக்குள் போடுங்கள். கட்டி முடித்தவர்கள் வீட்டைச் சுற்றி மூன்றடிக்குக் குறையாமல் தளம் போட்டு, கூரைத் தண்ணீரைக் குழாயில் தள்ளிக் கொண்டுபோய் விடட்டும். சுவரோரத்து வேம்பு நிழல் தருகிறது என்று விட்டுவைக்காதீர்கள். கோடையில் அஸ்திவாரத்தடி ஈரத்தை முதலில் குடிப்பது அதன் வேர்தான்.