பருப்புத் தண்ணீரும் பருப்புச் சாறும்

பருப்பு வெந்த பாத்திரத்தின் மேல் தெளிந்து நிற்கும் நீரை இறுத்து, சிறிது உப்பிட்டு, பால்குடி மறவாத குழந்தைக்கும் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும் கொடுப்பது நமது கிராமங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். பருப்பின் சாரமெல்லாம் அந்நீரில் இறங்கிவிட்டதென்றும், அடியில் தங்கியது வெறும் சக்கை என்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம், அதாவது தசையை வளர்க்கும் சத்து, அடங்கியுள்ளது. அதில் ஒரு சிறு பகுதியே தெளிநீரில் கரைகிறது. பெரும்பகுதி வெந்த பருப்பிலேயே தங்கிவிடுகிறது. தெளிநீரின் மஞ்சள் நிறமும் பெரும்பாலும் நாம் இட்ட மஞ்சள் தூளினால் வந்ததே.

இதன் விளைவு யாதெனில், வீட்டிலுள்ள பெரியவர்கள் கெட்டிப் பருப்பைக் குழம்பிலிட்டு உண்ண, வளர வேண்டிய குழந்தை நீரை மட்டும் பருகுகிறது. ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குத் தாய்ப்பாலுடன் வேறு உணவும் அவசியம். ஆனால் அதன் இரைப்பை மிகச் சிறியது. அதைத் தெளிநீரால் நிரப்பிவிட்டால் பாலுக்கும் இடமில்லை, சோற்றுக்கும் இடமில்லை. குழந்தை நாள்தோறும் பருப்பு உண்கிறதென்று தாய் நம்பியிருக்க, அதன் எடை ஏறாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ரசத்தை நாம் குறை கூறவில்லை. பசியைத் தூண்டுவதற்கும், வறண்ட வாய்க்கு ருசி உண்டாக்குவதற்கும் அது நல்லதே. அதைப் புஷ்டியான ஆகாரமென்று கொள்வதே பிழை. புஷ்டி வேண்டுமாயின், பருப்பு முழுவதும் கரைந்து நிற்கும் சாறே செய்தல் வேண்டும்.

சாற்றின் குணம் பருப்பைப் பொறுத்தது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பழம் பருப்பு எவ்வளவு கொதித்தாலும் விறைத்தே நிற்கும். செம்மண் கட்டி உடைத்த பருப்பை விரும்புவோர் பலர். எனினும், எண்ணெய் தடவி வெயிலில் உலர்த்தி உடைத்ததைவிட அது வேக அதிக நேரம் கொள்ளும். கடையில் வாங்குவோர் அளவுக்கு மீறிய மஞ்சள் நிறத்தைக் கண்டு மயங்கலாகாது. மெட்டானில் மஞ்சள் என்னும் சாயத்தை உணவில் சேர்ப்பது சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தும், பருப்புக்கு அதை ஏற்றுவோர் இருக்கிறார்கள். ஒரு புறம் சதுரமாகவும் மறு புறம் சரிவாகவும் உள்ள பருப்புகள் கலந்திருந்தால் அவை கேசரிப் பருப்பாக இருக்கக்கூடும். வட இந்தியாவில் பஞ்ச காலங்களில் அதனையே மாதக்கணக்கில் முக்கிய உணவாகக் கொண்டவர்களில் பலர் கால் முடங்கிப் போயினர். அதிலுள்ள நஞ்சு இன்னதென்பது 1964-இல் கண்டறியப்பட்டது.

இனிச் செய்முறை. ஐவர் உள்ள குடும்பத்திற்கு 150 கிராம் பருப்பு எடுத்துக்கொள்க. இரண்டு முறை விரைவாகக் கழுவி, 600 மில்லி லிட்டர் நல்ல நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்நீரிலேயே அடுப்பேற்றுக. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேறு நீர் வார்க்க வேண்டியதில்லை. சிறிது மஞ்சள் தூளும், நுரைத்துப் பொங்காதிருக்கச் சில துளி நல்லெண்ணெயும் இடலாம். மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் நல்ல பருப்பு குழைந்துவிடும். பிரஷர் குக்கர் உள்ளவர்களுக்கு இவ்வளவு நேரமும் விறகும் செல்லாது.

வேகாத பருப்புக்குச் சமையல் சோடா இடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் தயமின் என்னும் உயிர்ச்சத்து அதனால் அழிகிறது. குறை பெரும்பாலும் நீரில்தான் இருக்கும். சுண்ணாம்புக் கலப்புள்ள கிணற்று நீர் பருப்பை இறுக்கிவிடுகிறது. அத்தகைய ஊர்களில் நீரை முன்னதாகவே நன்கு கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்தபின் மேலாக இறுத்து உபயோகித்தால் குறை ஓரளவு தீரும். புளி, தக்காளி முதலிய புளிப்புப் பொருள்களும் பருப்பு நன்கு குழைவதற்கு முன் சேரலாகாது.

குழைந்த பருப்பை மத்தினால் கடைந்து, வெந்நீர் விட்டு ஒன்றேகால் லிட்டராக்குக. இதில் நசுக்கிய மிளகு, சீரகம், நான்கைந்து பல் பூண்டு, அரிந்த தக்காளி இரண்டு, அளவான உப்பு ஆகியவற்றைச் சேர்த்துப் பத்து நிமிஷம் கொதிக்கவிடுக. ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையைக் கடைசி ஐந்து நிமிஷத்திற்குள் இட்டால் போதும். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை இவற்றை நெய்யில் தாளித்துக் கொட்டி இறக்கியபின், எலுமிச்சைச் சாறு பிழிக. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க எலுமிச்சையின் உயிர்ச்சத்து உதவுகிறது. அது தீயில் கெடுவதால் இறக்கிய பிறகே பிழிய வேண்டும். இவ்வாறு செய்த சாறு ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம் வரும். அதில் 30 கிராம் பருப்பின் சத்து முழுவதும் இருக்கும். சோற்றுடனோ கேழ்வரகுக் களியுடனோ உண்பது மேலும் நலம். தானியத்தில் குறைவான லைசின் பருப்பிலும், பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்திலும் இருப்பதால், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

குழந்தைக்கு வேண்டியதை மிளகும் உப்பும் சேர்க்கு முன்பே தனியே எடுத்து, குழைந்த சோற்றுடன் மசித்து, ஒரு சிறு கரண்டி நெய் விட்டு ஊட்டலாம். கரண்டியைச் சாய்த்தால் நீராக ஓடிவிடாமல் ஒட்டி நிற்கும் பதமே சரியான பதம். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவை மீறலாகாது.

சத்துணவு மையங்களையும் அங்கன்வாடிகளையும் பார்வையிடும் கிராம அதிகாரிகளுக்கும் இதில் வேலையுண்டு. அளந்து கொடுத்த பருப்பு பதிவேட்டில் சரியாக இருக்கலாம். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது பழமொழி. ஆனால் கலக்காத அண்டாவில், இருந்தும் வருவதில்லை. பருப்பு அடியில் தங்க, முதற் பந்திக் குழந்தைகளுக்கு மேல் நீரே கிடைக்கிறது. பரிமாறும் கரண்டி ஒவ்வொரு முறையும் அடிவரை செல்கிறதா என்று நின்று பார்த்தல் நன்று.

நிலமுடையோர் பலர் களத்திலேயே துவரை முழுவதையும் விற்றுவிட்டு, பின்னர் ஆண்டு முழுவதும் கடையில் அதிக விலைக்குப் பருப்பு வாங்குகின்றனர். நாளொன்றுக்கு 150 கிராம் வீதம் ஓராண்டுக்கு வேண்டியது ஏறக்குறைய 55 கிலோ பருப்பு. வீட்டுத் திரிகையில் உடைத்தால் நூற்றுக்கு 65 அல்லது 70 பங்கு பருப்பு கிடைக்குமாதலால், 85 கிலோ முழுத் துவரையை நிறுத்திக்கொண்டு மிகுதியை விற்கலாம். பயற்று வண்டு வயலிலேயே காய்களில் முட்டையிட்டுவிடுவதால், வீட்டுக்கு நிறுத்திய துவரையை நன்கு காய்ந்தபின்னரே குதிரிலோ இறுக மூடும் தகர டின்னிலோ கொட்டி, மாதம் ஒரு முறை திறந்து பார்த்து வருக. மாதத்திற்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது உடைத்துக்கொள்ளலாம். புடைத்தபின் எஞ்சும் துவரம்பொட்டு கறவை மாட்டுக்கு ஆகும்.