ரீலோட் காசு எங்கே போகிறது?

கேள்வி: டயலொக் எங்கள் நாட்டுக் கொம்பனியா, வெளிநாட்டுக் கொம்பனியா? நாங்கள் போடும் ரீலோட் காசு யாருக்குப் போகிறது?
– வாசகர், சுன்னாகம்

பதில்: பெரும்பங்கு மலேசியாவின் அக்சியாட்டாவுடையது. 2024இல் எயார்டெல் லங்காவும் டயலொக்கோடு சேர்ந்ததால் இந்தியாவின் பார்தி எயார்டெலுக்கும் பத்து வீதத்துக்குச் சற்றுக் கூடிய பங்கு உண்டு. மற்றக் கொம்பனிகளைப் பார்த்தால், ஹட்ச் ஹொங்கொங்காரருடையது. மொபிற்றல் அவுஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவோடு தொடங்கி, 2002இல் முழுவதும் ஸ்ரீலங்கா ரெலிகொம் கைக்கு வந்தது. அந்த ரெலிகொம்மிலும் ஏறத்தாழ 45 வீதம் மலேசியப் பணம்தான்!

சீனா அந்நியப் பணத்தை இப்படி விடவில்லை. தன் தொலைபேசிக் கொம்பனியான சைனா யூனிகொம்முக்குள் சுற்றுவழியால் நுழைந்த அந்நிய முதலீட்டை 1999இல் வெளியேற்றியது. அவ்வளவு பெரிய சந்தை கையில் இருந்தால் யாரும் அதட்டலாம். நமக்கு அந்த வசதி இல்லை. கனடாவிலிருந்து வரும் அழைப்புக்காகக் கொமினிக்கேசன் கடை வாங்கிலில் காத்திருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு, 2002 போர்நிறுத்தத்தின் பிறகு கைபேசியைக் கொண்டுவந்ததும் டயலொக்கின் மலேசியப் பணம்தான்.

இலாபத்தில் பெரும்பங்கு வெளியே போகும். வரியும் சம்பளமும் இங்கே நிற்கும். டயலொக் 2005 முதல் கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது. மனம் ஆறாவிட்டால் நீங்களும் நாலு பங்கு வாங்கிவிடுங்கள்.